உற்சவர் புறப்பாடு

சந்தனத்தை நாங்கள் கடையில் வாங்குவதில்லை சார். ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கரியத்தில் இருப்பது. வீட்டிலேயே கல்லில் அரைத்துத்தான் பழக்கம். ஆயுத பூஜை வந்தால் ஃபேக்டரிக்கும் ஒரு கிண்ணம் கொண்டுபோவேன். லேத் மெஷின் முதல் கேன்டீன் கிரைண்டர் வரை எல்லாவற்றுக்கும் என் கையால்தான் பொட்டு. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், விஷயம் வெளியே வந்ததே அந்தச் சந்தனத்தால்தான்.

பெயர் ஸௌந்தரராஜன். வல்லம் வடகாலில் கடற்படைக்கு டார்பிடோ செய்யும் கம்பெனியில் உற்பத்தி மேலாளர். டார்பிடோ என்பது தண்ணீருக்கடியில் தானாக நீந்திப் போய் எதிரிக் கப்பலின் வயிற்றில் வெடிக்கிற சாமான். அதை நீந்த வைப்பது பேட்டரி. வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பேட்டரியில் எங்களுக்கு வந்தது ஒன்றே ஒன்று. மிச்சம் வரும், வரும் என்றார்கள், வரவில்லை. இந்தப் பக்கம் மேலிடத்திலிருந்து ஓயாமல் போன். சண்டை வரும் போலிருக்கிறது, நவீன டார்பிடோ போதுமான அளவு இருக்கிறதா என்று. ஓடுமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை சார், எத்தனை என்றுதான் கேட்டார்கள். கேட்டதற்குப் பதில் சொல்வதுதானே மரியாதை.

ஒரகடத்தில் புதிதாக வீடு கட்டியவன் எல்லாம் 'நாய் ஜாக்கிரதை' என்று பலகை மாட்டியிருக்கிறான். பாதி வீட்டில் நாயே கிடையாது. திருடன் உள்ளே வருகிறானா என்ன? நாட்டுக்கும் அதே நியாயம்தான். பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் கான்கிரீட் ஊற்றினோம், பக்கத்து ஷெட்டுக்கு வந்த ரெடிமிக்ஸ் லாரியில் மிஞ்சியது. எடை துளி பிசகாது. முறைப்படி தண்ணீர்கூட விட்டேன். அரைகுறை வேலை எனக்கு ஆகாது.

பேட்டரி வைத்த அந்த ஒன்றுக்கு நானும் பெயின்ட் அடிக்கிற பரசுராமனும் உற்சவர் என்று பேர் வைத்திருந்தோம். மூலவர் கருவறையை விட்டு அசைய மாட்டார், வீதிக்கு வருகிறவர் உற்சவர்தானே. அதிகாரிகள் வருவார்கள். கேன்டீனில் மிளகு வடை சாப்பிடுவார்கள். ஏதோ ஒரு பெட்டியைக் கைகாட்டி, இதைக் கடலில் ஓட்டிப் பார்க்கலாம் என்பார்கள். லாரி கிளம்புவதற்குள் அந்தப் பெட்டியிலிருந்த எண் தகடு உற்சவர் மேல் ஏறிவிடும். உற்சவர் ஜம்மென்று ஓடி, மிதந்து, பத்திரமாகத் திரும்பி வரும். சார்ஜ் ஏற்றி, புதுப் பெயின்ட் அடித்தால் அடுத்த புறப்பாட்டுக்குத் தயார். பெயின்ட் அடிப்பதைப் பரசுராமன் திருமஞ்சனம் என்பான்.

அவன்தான் கெடுத்தான். போன ஆயுத பூஜைக்கு உற்சவருக்கு நான் வைத்த பொட்டைத் துடைக்காமல் அதன் மேலேயே பெயின்ட் அடித்துவிட்டான். "சாமிக்கு வெச்சத எப்டி சார் சுரண்டறது" என்றான். அப்படியே விட்டுவிட்டேன்.

கடைசிப் பரிசோதனை ஷெர்லினுடையது. சேரப்பணஞ்சேரிப் பெண். பெயின்ட் மேல் கட்டைவிரலை ஓட்டியே குறை கண்டுபிடிப்பாள். ஒருநாள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"சார், போன டிரையலுக்குப் போனதுலயும் இதே எடத்துல மேடு இருந்துச்சு. நம்பர் வேற, மேடு ஒண்ணு. இன்னா சார் நடக்குது?"

உள்ளதைச் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. அவள் புருஷன் நிலவன் கடற்படையில் நீர்மூழ்கிக் கப்பலில் இருக்கிறான். வயிற்றில் ஏழு மாதம்.

"எனக்கு வேற ஒண்ணும் வேணா சார். அவரு கப்பலுக்கு மட்டும் ஓடுறது ஒண்ணு குடுத்துருங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

நியாயமாகத்தான் கேட்டாள். உற்சவரையே அனுப்புகிறேன் என்றேன்.

அப்புறம் நிதானமாக யோசித்தேன். உற்சவர் போய்விட்டால் அடுத்த சோதனைக்கு எதை ஓட்டுவது? சோதனை நின்றால் உற்பத்தி நிற்கும், கடற்படைக்கு டார்பிடோ பற்றாக்குறை வரும். ஒரு குடும்பத்துக்காக ஒரு தேசத்தையா கைவிடுவது? உற்சவர் மேலிருந்த பொட்டை நானே சுரண்டிவிட்டு, கான்கிரீட் ஊற்றியதில் ஒன்றை எடுத்து அதே இடத்தில் பொட்டு வைத்தேன். பரசுராமன் மேலே பெயின்ட் அடித்தான். அடிக்கும்போது, "வேணா சார், வயித்துப்புள்ளக்காரி" என்றான். அவள் நிம்மதியாகத் தூங்கட்டும், அதைக் கெடுப்பதுதான் பாவம் என்றேன்.

லாரியில் ஏற்றும்முன் ஷெர்லின் விரலை ஓட்டிப் பார்த்தாள். மேடு தட்டியதும் கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்கு எனக்கென்று முட்டை போடாமல் கேக் செய்து கொண்டுவந்தாள். நன்றாக இருந்தது.

சண்டை வந்தது உங்களுக்கே தெரியும். நிலவனின் கப்பல் முதலில் சுட்டது. எங்களுடையது குழாயை விட்டு வெளியே வந்து நேராகக் கீழே போயிருக்கும். எதிரியின் டார்பிடோவில் பேட்டரி இருந்தது. கப்பலில் இருந்த ஒருவரும் திரும்பவில்லை. மறுவாரம் இழப்பை ஈடுகட்ட இரண்டு மடங்கு ஆர்டர் வந்தது. அதற்கும் சரி என்றுதான் சொன்னேன்.

கைக்குழந்தையோடு ஷெர்லின் ஃபேக்டரிக்கு வந்தபோது உற்சவர் சார்ஜில் இருந்தது. ஒயரைப் பார்த்தாள். பொட்டு சுரண்டின இடத்தைத் தடவினாள்.

"அப்போ அவரு கப்பலுக்குப் போனது எது சார்?"

அதற்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை. நேராக உங்களிடம் வந்துவிட்டாள். அவள் சொன்னது அத்தனையும் உண்மை, நான்தான் செய்தேன். ஆனால் ஏமாற்றினேன் என்று மட்டும் எழுதாதீர்கள் சார். அவளுக்காக வைத்த பொட்டுக்குக் கடைச் சந்தனம் போதும் என்று நான் நினைக்கவில்லை. அன்று காலை தலைக்குக் குளித்துவிட்டு, என் கையால் அரைத்தது.