மன்னரின் நகங்கள்

அறுவடை மாதம், மன்னர் ஹெரெவீன் திருநாளுக்கு முந்தின மாலை. இன்று ஒரு சிறு தவறு செய்தேன். மன்னரின் நகம் வெட்டும் கத்தரிக்கோலால் விளக்குத் திரியை வெட்டிவிட்டேன். கரியைத் துடைத்துவிட்டேன், ஆனாலும் மனம் ஆறவில்லை.

மன்னர் போரில் இறந்தது என் தாத்தா காலத்தில். பசித்தவர்களுக்குத் தன் கையாலேயே ரொட்டி கொடுத்தவர். அதனால் உடல் அழியவில்லை. ஆண்டுதோறும் திருநாளன்று மடத்துத் தலைவர் கெயோல்ரெட் பெட்டியைத் திறந்து, ஊரார் முன்னிலையில் நகங்களை வெட்டுவார். முகத்தின் மேல் பட்டுத்துணி கிடக்கும்; வெளியே தெரிவது செந்தாடியும் நீண்ட விரல்களுள்ள கைகளும்தான். பெட்டியைக் காப்பது என் பொறுப்பு. மாலையில் தலைவரிடம் எழுத்துப் படிக்கிறேன். இதைச் சரியாக எழுதுகிறேனா என்று தெரியவில்லை.

போன ஆண்டு இதே மாலையில் தூசி தட்டப் பெட்டியைத் திறந்தேன். கூரை ஒழுகி ஈரம் இறங்கியிருந்தது. எலும்புகள்தான் மிச்சம். ஆற்று முகத்துவாரத்திலோ கொள்ளையடிக்க வந்த வடநாட்டவர் கப்பல்கள் நின்றன. "ராசா நம்மகூட இருக்கிற வரைக்கும் ஒரு பயலும் கிட்ட வரமாட்டான்" என்று சொல்லிக்கொண்டுதான் ஊரார் ஈட்டி பிடித்திருந்தார்கள். விடிந்தால் எல்லாரும் பார்ப்பார்கள்.

அப்போது டுன்னா என்ற உப்பு வியாபாரி தங்க இடம் கேட்டு வந்தார். செந்தாடி, நீண்ட விரல்கள்.

"என்ன தம்பி, செத்த ராசாவுக்கு நகம் வளருதாமே? எனக்கு உயிரோட இருந்தும் தலையில முடி வளர மாட்டேங்குது."

தேன்மது கொடுத்தேன். நிறையக் குடித்தார். விடியும் முன் தலையணையை அழுத்தினேன், அதிகம் சிரமப்படவில்லை.

காலையில் தலைவர் பெட்டியைத் திறந்து கையைத் தொட்டதும் அழுதுவிட்டார். "கை இன்னும் இளஞ்சூடா இருக்குடா, ஹுன்வால்ட்." ஊரே மண்டியிட்டது. சில நாளில் கப்பல்கள் திரும்பிப் போயின. எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று நினைத்தால் எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது.

பெட்டியில் டுன்னா ஓராண்டு தாங்கவில்லை. அது அவர் குற்றமல்ல. அவர் மன்னர் இல்லையே.

கப்பல்கள் மீண்டும் வந்திருக்கின்றன. இன்று மதியம் ஒரு கல்தச்சர் மடத்துக்கு வந்தார். தாடி சிவப்புதான். ஆனால் விரல்கள் குட்டை. தலைவர் கவனித்துவிடுவாரோ என்றுதான் பயம். வேறு பயம் இல்லை. மன்னர் விருந்தினர் அறையில் குறட்டை விடுகிறார்.

நாளைய வேலை: மணியடிப்பதற்குள் அவர் தாடியைச் சீவிவிட வேண்டும்.