சாம்பல் தானாக விழ வேண்டும்

டீ நன்றாக இருந்தது, சார். சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல். இஞ்சி போட்டதா, ஏலக்காய் போட்டதா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பெயர் நாகப்பன். வயது ஐம்பத்தாறு. ஆவடி சேக்காட்டில் வீடு. திருமழிசை தொழிற்பேட்டையில் கங்காதரன் நடத்தும் சுருட்டுக் கம்பெனியில் பத்தொன்பது வருடமாகச் சுவைபார்ப்பவன். கையால் சுருட்டி, மரப்பெட்டியில் அடுக்கி, வெளிநாட்டுக்குப் போகும் உயர்ந்த சரக்கு. எந்தப் பெட்டி போகலாம், எது போகக் கூடாது என்று சொல்வது என் வேலை.

முதலில் விரல்களுக்கிடையே உருட்டிப் பார்ப்பேன். எங்காவது கட்டி தட்டுப்பட்டால் உள்ளிலை சரியாக அடுக்கப்படவில்லை என்று பொருள். பிறகு பற்றவைக்காமல் ஒரு இழுப்பு. பற்றவைத்த பின் சுருட்டை மனதுக்குள் மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பெண். புகையை விழுங்கக் கூடாது. வாயில் நிறுத்தி, கொஞ்சத்தை மூக்கு வழியாக விட வேண்டும். நடுவில் ஒரு பிடி பொரி, ஒரு மடக்குத் தண்ணீர். சாம்பலைத் தட்டக் கூடாது. நல்ல கை சுருட்டியது என்றால் ஒரு அங்குலம் நின்று தானாக விழும். அவசரக்காரனுக்கு இந்த வேலை ஆகாது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது மூக்கையும் கொண்டுபோய்விட்டது. திரும்பி வரும், பொறுங்கள் என்றார் பூந்தமல்லி டாக்டர். பொறுத்தேன். வரவில்லை. நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உறைப்பு, அவ்வளவுதான் சார். காப்பிக்கொட்டை, ஈரமண், பழைய தோல் என்று நாங்கள் தாளில் எழுதுவதெல்லாம் மூக்கின் வேலை. வெளியாட்களுக்கு இது தெரியாது.

வடிவுக்கும் தெரியாது. காட்டுப்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். சுருட்டுபவர்களில் முதல் மேசை அவளுடையது. இலைக்காம்பைக் கிள்ளி மென்றுவிட்டு, "இந்தக் கட்டு பனைவெல்லம் தீஞ்ச மாரி கீது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அவளுக்குச் சுவை தெரியும் என்று எனக்குப் புரிய அதுவே போதுமானதாக இருந்தது. காய்ச்சலில் நாக்கு மட்டும் மரத்துவிட்டது, மூக்கு நன்றாக இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். சாப்பாட்டு நேரத்தில் என் அறைக்கு வந்து ஒவ்வொரு சுருட்டிலும் இரண்டு இழுப்பு இழுத்துச் சொல்வாள். நான் எழுதுவேன்.

"இன்னா அண்ணாத்தே, நீ எழுத, நான் இழுக்க. என் பொண்ணு பாத்தா தொடப்பத்தத் தூக்கும்" என்று சிரிப்பாள்.

மூக்கு இருக்கிறது என்று நான் சொன்னதற்குக் காரணம் இலை அறை. பூச்சி விழுந்தால் சுருட்டில் ஊசி குத்தியதுபோல் ஓட்டை போடும். அதனால் இலை அறையில் பூச்சி கொல்லும் வாயு மாத்திரை வைத்து ஐந்து நாள் மூடிவைப்போம். ஆளையும் கொல்லும் அந்த வாயுவுக்குப் பூண்டு வாசனை. அளக்க ஒரு மீட்டர் இருக்கிறது. பேட்டரி தீர்ந்து வெகுகாலம் ஆயிற்று. நாகப்பன் மூக்கு இருக்கும்போது மீட்டர் எதற்கு என்பார் முதலாளி. கதவைத் திறந்து முதலில் நான் முகர்வேன். நான் தலையாட்டினால்தான் மற்றவர்கள் உள்ளே போவார்கள். மூக்கு போன பிறகு நாள் கணக்கு வைத்துக்கொண்டேன். ஐந்துக்கு ஏழு நாள் விட்டுத்தான் தலையாட்டினேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன மாதம் வடிவுக்கு விரல் மடங்காமல் போயிற்று. சுருட்ட முடியாதவளுக்குக் கம்பெனியில் இடம் இல்லை. முதலாளியிடம் போய், எனக்கும் சுவை தெரியும், சோதித்துப் பாருங்கள் என்று கேட்டிருக்கிறாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வெளிநாட்டு ஆள் வருகிறார், மூன்று சுருட்டு தருகிறேன், இருவரும் தனித்தனியாக எழுதுங்கள், நாகப்பன் எழுதியதோடு ஒத்துப்போனால் உனக்கும் மேசை, அதுவரை இலைக்கட்டு எடுத்துக்கொடு என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"பயப்படாத அண்ணாத்தே" என்றாள் வடிவு. "உன் சோத்துல நான் மண்ணு போட மாட்டேன். நான் மூக்கத் தொட்டா மிளகு, காதத் தொட்டா காப்பி, தலயச் சொறிஞ்சா பூசணம். ரெண்டு பேரும் உக்காந்து கஞ்சி குடிக்கலாம்."

அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் ஒருத்தி தலையைச் சொறிகிறாளா என்று பார்த்துப் பார்த்து மீதி வருடங்களை ஓட்டுவதை யோசித்துப் பாருங்கள். எனக்கு அப்போதே களைப்பாகிவிட்டது.

இலை அறையில் மாத்திரை வைத்தது ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய் மதியம் முதலாளி போன் செய்தார். வெள்ளிக்கிழமைக்கு மேலிலை நான்கு கட்டு வேண்டும், அறை தயாரானால் எடுத்துவைக்கச் சொல்லுங்கள் என்றார். சரி என்றேன். மற்றவர்கள் பின்பக்கத் தகரக் கொட்டகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வடிவை மட்டும் கூப்பிட்டேன். கதவைத் திறந்து முகர்ந்தேன்.

"ஒரு வாசனையும் வரவில்லை" என்றேன்.

அவள் வாசற்படியில் நின்றாள். "லேசா பூண்டு மாரி கீதே?"

"இன்றைக்கு என்ன குழம்பு?"

விரல்களை முகர்ந்து பார்த்துச் சிரித்தாள். "அட ஆமா, பூண்டுக் கொயம்பு. என் மூக்கே என்ன ஏமாத்துது பாரு."

அந்தக் கதவுக்கு உள்பக்கக் கைப்பிடி உடைந்துவிட்டது. அதனால் செங்கல் ஒன்றை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் யாரும் உள்ளே போவார்கள். கட்டுகள் கடைசி அலமாரியில் இருந்தன. அவள் அதுவரை போனதும் செங்கல்லைக் காலால் நகர்த்தினேன். கதவு மூடிக்கொண்டது. இலையின் ஈரம் போய்விடக் கூடாது என்பதும் என் பொறுப்புதானே.

என் அறைக்கு வந்து ஒரு சுருட்டைப் பற்றவைத்தேன். தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்து ஷெட்டில் எப்போதும் பிரஸ் ஓடும், அதுவாகவும் இருக்கலாம். முதல் பங்கு முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். சாம்பல் ஒன்றேகால் அங்குலம் நின்றது, தானாக விழுந்தது. விரல் போவதற்கு முன் அவள் சுருட்டியது. முழு மதிப்பெண் போட்டேன், தாள் உங்கள் ஃபைலில் இருக்கும். பிறகு போய்க் கதவைத் திறந்து, எல்லோரையும் கூப்பிட்டேன். ஆட்டோவில் தூக்கிப் போட்டார்கள். குமணன்சாவடி தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. உங்கள் ஆட்கள் விபத்து என்று எழுதிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. மூன்று சுருட்டையும் நான் தனியாகப் பிடித்தேன். எதிரே காலி நாற்காலி. மூன்றுக்குமே கருகிய பனைவெல்லம் என்று எழுதினேன். மூன்றாவது பூசணம் பிடித்த இலையில் வேண்டுமென்றே சுருட்டியதாம். வெளிநாட்டு ஆள் ஒரு இழுப்பிலேயே துப்பிவிட்டார். முதலாளி என் தாளை எடுத்துத் திரும்பத் திரும்பப் படித்தார்.

அன்று சாயங்காலம் வடிவின் மகள் ஜோதிகா வந்தாள், அம்மாவின் டிபன் கேரியரை வாங்கிக்கொண்டு போக. பூண்டுக் குழம்பு ஒட்டிக் கழுவாமல் இருந்தது.

"எங்கம்மா மூக்கு நாய் மூக்கு, மாமா. அதுக்கா தெரியாமப் போச்சு? உள்ள போறப்ப நீ இன்னா சொன்ன அதுகிட்ட?"

ஒரு வாசனையும் வரவில்லை என்று சொன்னேன் என்றேன். அவள் கேரியரைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மூடினாள். அதன் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

செங்கல்லை நகர்த்தியது நான். அதை மறுக்கவில்லை. ஆனால் அவளிடம் நான் பொய் சொன்னதாக மட்டும் எழுதாதீர்கள், சார். எனக்கு உண்மையிலேயே ஒரு வாசனையும் வரவில்லை. பத்தொன்பது வருடத்தில் என் மூக்குக்குத் தெரியாத எதையும் நான் சொன்னதே இல்லை.