பதிமூன்று செவ்வாய்க்கிழமைகள்

கிளாரா: நெசமாவா? மணிகண்டபிரபுதானா? போன்ல குரலை நல்லா கேட்டியா?

சூசைராஜ்: அவனேதான் கிளாரா! மீனம்பாக்கத்துல எறங்கிட்டான். "மச்சான், பிரியாணி துன்னுகினு கீறேன்"றான்... அப்புறம் ஒரே அழுகை.

கிளாரா: அப்பாடா... ஏசுவே! ஷிப்ட் பஸ்லேருந்து எறங்கறேன், நீ வாசல்ல நிக்கற. இன்னாவோ ஏதோன்னு பயந்துட்டேன். அடி கிடி ஏதாச்சும்...?

சூசைராஜ்: எளச்சிட்டானாம். மத்தபடி ஒண்ணுமில்ல. தாய்லாந்துல கம்ப்யூட்டர் வேலைன்னு சொல்லி, ஆத்தைத் தாண்டி அடுத்த நாட்டுக்கு கூட்டினு போயிட்டானுங்க. பாஸ்போர்ட்டை புடுங்கிக்கினு, போன்ல ஜனங்கள ஏமாத்துன்னானுங்களாம். மாட்டேன்னா சோறு கெடையாது.

கிளாரா: பாவிங்க! எப்படி வெளிய வந்தான்?

சூசைராஜ்: நம்ம கவர்மெண்டும் அந்த ரெண்டு நாட்டு கவர்மெண்டும் பேசி, பெரிய கூட்டத்தையே மீட்டு அனுப்பிச்சாங்களாம்.

கிளாரா: அவன் போன பிளைட்ல பக்கத்து சீட்டு உன்னுது...

சூசைராஜ்: போவாதடான்னு அவன்கிட்ட படிச்சு படிச்சு சொன்னேன். "உனக்கு பாஸ்போர்ட் தொலைஞ்ச வயித்தெரிச்சல்"னுட்டான்.

கிளாரா: நீயா போவாதன்ன? கான்ட்ராக்ட் முடிஞ்சு கம்பெனி லைன்லேருந்து நின்னதுலேருந்து, போயே தீருவேன்னு குதிச்சவன் நீ!

சூசைராஜ்: அது... அது அப்போ.

கிளாரா: பிள்ளைப்பாக்கம் ஜங்ஷன்ல பிளெக்ஸு வேற. "அயல்நாடு செல்லும் அன்பு அண்ணன்"னு... கூலிங் கிளாஸோட.

சூசைராஜ்: பசங்க வெச்சானுங்க, நான் இன்னா பண்றது? பூசையில பாதரும் எனக்காக ஜெபம் பண்ணிட்டாரு...

கிளாரா: டூரிஸ்ட் விசாவுல எவன்யா வேலைக்கு போவான்னு கேட்டேன். உனக்கு இன்னா தெரியும்னு கத்தினியே!

சூசைராஜ்: கத்தினேன்... தப்புதான்.

கிளாரா: நல்லவேளை, பிளைட்டுக்கு மூணு நாள் முன்னாடி பாஸ்போர்ட் தொலைஞ்சுது.

சூசைராஜ்: அதைக் கண்டுபுடிச்சுக் குடுன்னு அம்மா அந்தோணியார் படத்தாண்ட பதிமூணு செவ்வாய்க்கெழமை மெழுகுவத்தி ஏத்திச்சு.

கிளாரா: நீயும்தான் கூட முட்டி போட்ட. யாராச்சும் ஸ்டேஷன்ல கம்ப்ளெயிண்ட் குடுன்னா மட்டும் "இன்னும் ஒரு வாரம் தேடலாம்"ப. புது பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடுன்னாலும் அதே பாட்டு...

சூசைராஜ்: அத்த வுடு. கவர்மெண்டு ஆபீஸ்லேருந்து போன் வந்துச்சு. சாயங்காலம் கிளாஸுக்கு போனேனே, அந்த ஜப்பான் வேலை... பாஷை பரீட்சையில பாஸாம் நானு!

கிளாரா: யோவ்! இதைப் போயி கடைசியா சொல்ற!

சூசைராஜ்: ரெண்டு கவர்மெண்டும் கையெழுத்து போட்ட திட்டம். ஏஜெண்டே கெடையாது. சம்பளம், லீவு எல்லாம் தமிழ்லயே எழுதிக் குடுத்துட்டாங்க. திங்கக்கெழமை பாஸ்போர்ட்டோட வரணுமாம்...

கிளாரா: பாஸ்போர்ட்டா? உள்ள வா, சொல்றேன்.

சூசைராஜ்: இன்னா விஷயம்?

கிளாரா: ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே?

சூசைராஜ்: சொல்லு.

கிளாரா: அது தொலையல. நான்தான் ஒளிச்சு வெச்சேன். மணி அங்க மாட்டிக்கினு கெடக்கறப்ப இத்த சொல்ல வாய் வரல... அந்த டூரிஸ்ட் விசாவுல உன்ன அனுப்பிட்டு என்னால இருக்க முடியாதுய்யா.

சூசைராஜ்: ம்...

கிளாரா: கத்துவேன்னு பாத்தா சிரிக்கற?

சூசைராஜ்: மொதல்ல எடு.

கிளாரா: அந்தோணியார் படத்துக்குப் பின்னாடிதான். ஸ்டூலை புடி... அத்தை அவராண்டயே கேட்டுகினு நிக்கும்போது நான் சமையல்கட்டுக்கு ஓடிடுவேன்... ஏய், இரு. இது இன்னா, கறுப்பு டேப்பு? நான் சும்மா சொருகித்தானே வெச்சேன்! இது நீ லைன்லேருந்து எடுத்தாந்த வயரு டேப்பாச்சே...

சூசைராஜ்: மறுநாளே பாதி வெளிய தொங்கினு இருந்துச்சு கிளாரா. அம்மா பாத்துட்டா நான் பிளைட் ஏறியே ஆவணும். பிளெக்ஸு வெச்சப்புறம் பயமா கீதுன்னு யாராண்ட போய் சொல்றது? அதான்... நல்லா அழுத்தி ஒட்டிட்டு, முட்டி போட்டுட்டேன்.