ரைவல் என்ற சொல்லும் கடைமடை வயலும்

ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் எனக்கு இட்லி இறங்காது. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் மேடம். மற்றதெல்லாம் எளிதாகப் புரிந்துவிடும்.

போட்டிக்காரனை ஆங்கிலத்தில் ‘ரைவல்’ என்கிறார்களே, அது லத்தீனிலிருந்து வந்தது. ‘ரீவுஸ்’ என்றால் ஓடை. ‘ரீவாலிஸ்’ என்றால் ஒரே ஓடையில் தண்ணீர் எடுப்பவன். பங்குத் தண்ணீருக்கு அடித்துக்கொள்வார்கள் அல்லவா, அப்படித்தான் அர்த்தம் பகைப் பக்கம் சாய்ந்தது. என்ன அழகு பாருங்கள்.

எங்கள் வாய்க்காலில் தலைமடை வயல் என்னுடையது. கடைமடை இராஜாங்கம் அண்ணனுடையது. ஓடிப்போய் அவரிடம் சொன்னேன்.

“அண்ணே, லத்தீன்படி நாம ரெண்டு பேரும் எதிரிங்க.”

“அப்புடியா தம்பி? சரி, எதிரி ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க.”

எனக்கு மனம் ஆறவில்லை. ரோமாபுரியில் செல்லுபடியான சொல் சீர்காழிப் பக்கம் வந்து பொய்யாகலாமா? அவருடைய பயிர் கதிர் தள்ளும் சமயம். அப்போது தண்ணீர் நின்றால் நெல் பதராகிவிடும். சோதனைக்கு அதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது. என் வயலைத் தாண்டிய இடத்தில் வாய்க்காலை அடைத்தேன்.

அவர் கோபப்படவில்லை. நண்டு வளையில் தண்ணீர் போகிறது என்று தன் வரப்பெல்லாம் தேடினார். நானும் கூடவே தேடினேன். “ஒங்களுக்காவது வருதுல்ல தம்பி, அது போதும்” என்றார். என் ஆராய்ச்சிக்கு அது பெரிய பின்னடைவு.

வயல் வெடித்த பிறகு அவர் மனைவி தங்கம்மாள் வாய்க்காலில் இறங்கி அடைப்பை உருவினார். உரச்சாக்கில் சுற்றிய என் லத்தீன் அகராதி. நல்ல தடிமன், அளவெடுத்ததுபோல் பொருந்தியிருந்தது.

“படிச்சவன் புத்தியப் பாத்தீங்களா? பொஸ்தகத்த வச்சே நம்ம வயித்துல அடிச்சிருக்கான்” என்றார்.

அண்ணன் மண்வெட்டியை ஓங்கினார். “இனிமே என்னய அண்ணேன்னு கூப்புட்ட, அவ்ளோதான்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரீவாலிஸ். சொல் பொய்க்கவில்லை.

அவருடைய போகம் முழுவதும் பதர். அதற்குக் காரணம் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புகாரில் ‘தண்ணீர் திருட்டு’ என்று இருக்கிறது. அதை மட்டும் திருத்துங்கள். ஒரு சொல் இன்னொன்றிலிருந்து பிறந்தது என்பதை ஆங்கிலத்தில் ‘டெரைவ்’ என்பார்கள். அதற்கும் மூலம் அதே ரீவுஸ்தான். ஓடையிலிருந்து தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வது என்று பொருள். ஆக, நான் செய்தது சொல்லாராய்ச்சி.

என் வயல் இந்த முறை என்றுமில்லாதபடி விளைந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.