மூலை வளைந்த பச்சைப் பொத்தான்

பொத்தானுக்கு மூலைகளை வளைத்து வைப்பதுதான் அழகு, ஐயா. கூராக விட்டால் யாருக்கும் அழுத்தத் தோன்றாது.

கட்டடங்களில் உள்ள லிஃப்டுகளைச் சோதிப்பது எங்கள் அலுவலகத்தின் வேலை. நேரில் போய்ச் சோதிப்பவர் என் மனைவியின் அண்ணன். கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவன் நான். மச்சான் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கயிறு, பிரேக், கதவு என்று ஒவ்வொரு கட்டமாக ஒற்றை விரலால் தட்டுவார். பார்க்கவே பாவமாக இருக்கும்.

அவருக்காகத்தான் செய்தேன். எக்செல் தாளில் ஒரு வடிவம் வரைந்து, வலது கிளிக் செய்து, மேக்ரோ என்கிற குட்டி நிரலை இணைத்தால் தீர்ந்தது. பச்சை நிறம், லேசாக நிழல், மேலே 'எல்லாம் சரி' என்ற எழுத்து. பழுதை மட்டும் அவர் எழுதினால் போதும். பொத்தானை அழுத்தினால் காலிக் கட்டங்களிலெல்லாம் 'சரி' விழுந்து, டிங் என்று மணி அடிக்கும்.

மச்சான் அழுத்தினார். டிங். நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார்.

"மாப்ள, என் தங்கச்சி கொடுத்து வச்சவய்யா."

கல்யாணம் ஆனதிலிருந்து அவர் என்னைப் பாராட்டியதே இல்லை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அலுவலகமே குதூகலித்தது. கணக்குப் பிரிவு அக்கா மணிச் சத்தத்துக்காகவே வந்து ஓர் அழுத்து அழுத்திவிட்டுப் போவார். மேலாளர் விருந்தாளிகளைக் கூட்டிவந்து அழுத்தச் சொல்வார். தாள் முழுக்கப் பச்சை.

ஒரே ஒரு குறை. மருத்துவமனை லிஃப்டுக்கு நேரே மச்சான், 'கயிறு நைந்திருக்கிறது' என்று எழுதிவிட்டார். பழுது என்றால் கட்டம் சிவப்பாகி, அன்று மாலை பழுதுபார்ப்பவர்களுக்குத் தகவல் போகும். அதுவும் என் ஏற்பாடுதான். ஆனால் அன்று விருந்தாளிகள் வரவிருந்தார்கள். புதுச் சட்டையில் மை கொட்டியதுபோல் இருந்தது அந்தச் சிவப்பு. மேக்ரோவில் ஒரு வரியை மாற்றினேன். இனிக் காலிக் கட்டம், எழுதிய கட்டம் என்ற பேதம் இல்லை. டிங். எல்லாரும் கைதட்டினார்கள்.

அவர் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் மாற்றினேன். அதை மறைக்க மாட்டேன்.

மறுவாரம் மச்சான் தாளைப் பார்த்தார்.

"அந்தக் கயிறை அதுக்குள்ள மாத்திட்டாங்களா, மாப்ள?"

"பச்சையா இருக்குல்ல, மச்சான். அப்புறம் என்ன?"

"பரவாயில்லையே. ஒரு எட்டு போய் ஏறிப் பார்த்துட்டு வந்துடறேன்."

சீட்டியடித்துக்கொண்டே கிளம்பினார். தடுத்திருக்கலாம். தடுத்தால் ஏன் என்று கேட்பார். பொத்தானை எடுத்துவிடச் சொல்வார்கள். எனக்கு மனசு வரவில்லை.

லிஃப்ட் மேல்மாடியிலிருந்து விழுந்தது. அண்ணன் சரியாகச் சோதிக்காமல் விட்டுவிட்டார் என்று என் மனைவி அழுகிறாள். நான்தான் தேற்றுகிறேன்.

நான்தான் கொன்றேன், ஐயா. எழுதிக்கொள்ளுங்கள். வேண்டாம், நீங்கள் எதற்குச் சிரமப்பட வேண்டும்? இந்த வாக்குமூலத்தை நானே தட்டச்சு செய்து, கீழே ஒரு பொத்தானும் வைத்திருக்கிறேன். மச்சான் பெயருக்கு நேரே 'இறந்தார்' என்று சிவப்பில் இருக்கிறதல்லவா? அழுத்திப் பாருங்கள். அதுவும் சரியாகிவிடும்.