ஏற்ற இறக்கம் இல்லாத குரல்

— எந்தக் கம்பெனி மிஷினு நீ? காலங்காத்தால காருக்கு இன்சூரன்ஸ் விக்க வந்துட்டியா?

— மிஷின் இல்லடா லெய்ஃப். அப்பா பேசறேன்.

— அட, பேரெல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கே! இந்த டப்பாக் குரலுக்கு அப்பன் வேஷம் வேறயா? எங்கப்பன் என்கிட்டப் பேசியே ஆறு வருஷமாச்சு. வேற ஆளைப் பாரு.

— வெச்சுடாத. நம்ம ஊரு டுலூத்ல நான் வேலை பார்த்த ரேடியோ ஸ்டேஷன் டவர்... அந்த வேலி ஞாபகம் இருக்கா? டவரோட அலை ஏறிக் கம்பி பாடுதுன்னு காதைக் கொண்டுபோய் வெச்சு சுட்டுக்கிட்டே. இஸ்திரிப்பெட்டி பட்டுடுச்சுன்னு உங்கம்மாகிட்ட ரெண்டு பேரும் புளுகினோம். கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியாது.

— ...அப்பா?

— ம்.

— என்னப்பா ஆச்சு குரலுக்கு?

— தொண்டையில புத்து. அக்டோபர்ல குரல்வளையையே எடுத்துட்டாங்க. கழுத்துல ஒரு கருவியை வெச்சு அழுத்தினாத்தான் பேச்சு.

— எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே!

— உங்கம்மா சொல்லத் துடிச்சா. நான்தான் கூடாதுன்னுட்டேன்.

— அதானே, உங்க வீம்பு உங்களுக்கு. கர்மம், ஒரே சுருதியில இழுக்குதேப்பா. ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல.

— மாடுலேஷன், அதான் ஏற்ற இறக்கம், கிடையாது. ஸ்டேஷன்ல பாட்டு நின்னுபோனாலும் வெறும் அலை மட்டும் போய்க்கிட்டே இருக்கும்ல, அந்த மாதிரி.

— பியானோக்காரங்க நாங்களும் மாடுலேஷன்னுதான் சொல்றோம், சுருதி மாறிப் போறதுக்கு. ஆறு வருஷம் முன்னாடி அந்தக் கச்சேரியில நான் வாசிச்சது முழுக்க அதுதான். அழுகையில ஆரம்பிச்சு, மெல்ல சுருதி மாறி, வெளிச்சத்துக்கு வரும். வாசிச்சு முடிச்சு வந்தா நீங்க என்ன சொன்னீங்க?

— ரொம்ப நல்லாருக்குன்னேன்.

— வார்த்தை அதுதான். சொன்ன விதம்? அத்தனை பேர் முன்னாடி செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு.

— குத்தலாச் சொல்லலடா.

— சொன்னீங்கப்பா.

— உங்கம்மாவும் உன் கட்சிதான். என்ன பண்றது, மனசுல ஒண்ணு இருக்கும், குரல்ல வேற ஒண்ணு வந்து தொலைக்கும். இப்போ அந்தத் தொல்லை இல்ல. ரொம்ப நல்லாருந்துச்சு, லெய்ஃப்.

— இதை நான் எப்படி எடுத்துக்கிறது?

— வார்த்தையை எடுத்துக்க. அது மட்டும்தான் பாக்கி.

— ...சரி. எடுத்துக்கிட்டேன். அம்மாகிட்டக் குடுங்க. இவ்வளவு பெரிய விஷயத்தை மறைச்சதுக்கு நாலு வார்த்தை கேக்கணும்.

— சிகாகோவுலேர்ந்து கிளம்பி வா. சனிக்கிழமை நம்ம சர்ச்சுல நீ அன்னிக்கு வாசிச்சதையே வாசிக்கணும்.

— எதுக்கு? என்ன விசேஷம்?

— உங்கம்மா விடியக்காலம் போயிட்டா. தூக்கத்துலயே. மண்ணு கல்லா உறைஞ்சு கிடக்கு, பனி இளகினாத்தான் புதைக்க முடியுமாம். சனிக்கிழமை ஜெபம் மட்டும்.

— என்னது?... இதையா இப்போ சொல்றீங்க? வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரி! அம்மாப்பா! ஐயோ, நீங்கல்லாம் ஒரு மனுஷனா? ஒரு சொட்டுக் கண்ணீராவது வந்துச்சா உங்களுக்கு?

— நீ போனை எடுத்ததுலேர்ந்து அழுதுக்கிட்டுத்தான்டா இருக்கேன். இந்தக் கருவியில அது கேக்காது.