காருக்குப் பயந்த பையன்

முப்பத்தொரு வருடமாக வண்டி ஓட்டுகிறேன். இதுவரை ஒரு சைக்கிள்காரர்கூட என்னைத் திட்டியதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பவன் நிதானமான ஆள் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் நல்லது, அவ்வளவுதான்.

நான் ஓட்டுநர் தேர்வு அதிகாரி. பக்கத்து இருக்கையில் அமர்ந்து, மடியில் படிவத்தை வைத்துக்கொண்டு, பதினெட்டு நிமிடம் ஒருவரைக் கவனிப்பது என் வேலை. ஸ்டியரிங்கைப் பிடிக்கும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். காலையில் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தவர் கியரை எப்படிப் போடுவார் என்பதுகூட எனக்கு அத்துப்படி.

என் தங்கை மகனைப் பற்றிக் கேட்டீர்கள். பத்தொன்பது வயதில் இறந்தான். லைசென்ஸ் கிடைத்த மூன்றாவது வாரம் அவன் அப்பா அவனுக்கு முந்நூறு குதிரைத்திறன் கொண்ட கார் வாங்கிக் கொடுத்தார். பாலத்து வளைவில் அது சுவரை இடித்துக்கொண்டு கீழே போய்விட்டது. அவனுக்குத் தேர்ச்சி கொடுத்தது நான்தான். "கொஞ்சம் பாத்துப் போட்டுவிடுண்ணா, பையன் மூஞ்சியே வாடிப்போச்சு" என்று தங்கை போனில் கேட்டாள். வளைவுகளில் அவனுக்குச் சற்றுத் தடுமாற்றம் இருந்தது. சின்ன வண்டியில் அது பெரிய குறையில்லை. ஆகவே தவறு அந்தக் காரில் இருந்தது. அதை அவன் கையில் கொடுக்க அனுமதித்த சட்டத்தில் இருந்தது. தங்கை இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அது வேறு விஷயம்.

அதற்குப் பிறகு மனு எழுத ஆரம்பித்தேன். லைசென்ஸ் வாங்கி மூன்று வருடம் ஆகாதவர்கள் அதிக சக்தியுள்ள கார்களை ஓட்டக் கூடாது என்பதுதான் கோரிக்கை. நாலு வருடத்தில் ஐந்து மனுக்கள். கடைசி மனுவை நேரில் கொண்டுபோனபோது, சட்டசபைப் போக்குவரத்துக் குழுவின் செயலாளர் அம்மா எனக்குத் தேநீர் வரவழைத்தார். நல்ல மனுஷி.

"உங்க கணக்கெல்லாம் சரிதான் சார்," என்றார். "ஆனா குழுவுல இருக்கறவங்க யாரும் படிக்கப் போறதில்ல. ஊரே பேசுற மாதிரி ஏதாவது ஒண்ணு நடக்கணும். அப்பத்தான் அசைவாங்க."

பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார். அவரை இதில் இழுக்காதீர்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வார்த்தையையே யோசித்துக்கொண்டு வந்தேன். அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை.

தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளர் ஒருவரின் மகன் என்னிடம் ஏற்கெனவே இரண்டு முறை தேர்வுக்கு வந்து தோற்றிருந்தான். இரண்டும் நியாயமான தோல்விகள். அவன் அப்பாவின் முகம் தெரியாத வீடே கிடையாது. மூன்றாம் முறை வந்தபோது, வாசலில் ஒரு கறுப்புக் கார் நின்றது. இருக்கைகளின் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் கழற்றப்படவில்லை. அப்பா அதன் கூரையைக் குதிரையைத் தட்டிக்கொடுப்பதுபோலத் தட்டிக்கொண்டிருந்தார். "இன்னைக்கு பாஸ் பண்ணிட்டா, வீட்டுக்கு இவன்தான் ஓட்டிட்டு வரணும்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எவ்வளவு குதிரைத்திறன் என்று விசாரித்தேன். நானூற்றைம்பது.

தேர்வு எங்கள் அலுவலகத்துச் சின்னக் காரில் நடந்தது. பையன் மரியாதையானவன். இருக்கைப் பட்டையைப் போட்டதும் என் பட்டை சரியாக மாட்டியிருக்கிறதா என்றும் பார்த்தான். முதல் வளைவிலேயே தோள் இரண்டும் இறுகிவிட்டன. இரண்டாவது வளைவில் பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலரேட்டரைத் தொட்டான். என் பக்கம் இருந்த பிரேக்கை நான் மிதிக்க வேண்டியிருந்தது. பதற்றம் வந்தால் அவன் கால் இடம் மாறிவிடும். மற்ற பிழைகள் பழகப் பழகப் போய்விடும். இது போக மாதக்கணக்கில் ஆகும்.

அலுவலக வளாகத்துக்குள் வண்டியை நிறுத்தியதும் அவன் இறங்கவில்லை.

"சார், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு தம்பி."

"இந்தத் தடவையும் ஃபெயில் போட்டுடுங்க சார். அந்த வண்டிய ஓட்ட எனக்குப் பயமா இருக்கு. அப்பாகிட்ட சொல்ல முடியல. ஆசையா வாங்கிட்டாரு. நீங்க ஃபெயில்னு போட்டா அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார்."

இந்த இடத்தில் நான் தயங்கினேனா என்று கேட்டீர்கள். தயங்கினேன். பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினேன். கண்ணாடி வழியாக அவன் அப்பா எங்களைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பையனின் நெற்றியில் வேர்வை. நான்தான் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

"பயப்படாத. நீ ரெடியாத்தான் இருக்க," என்றேன். "இந்த வேலையில எனக்கு இருபத்திரண்டு வருஷ அனுபவம். நான் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"நிஜமாவா சார்?"

"நிஜமா."

அவன் முகம் எப்படி மாறியது என்று உங்களுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நம்பிவிட்டான். படிவத்தில் எண்பத்திரண்டு மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டேன்.

அடுத்து வந்த நாட்கள் சுலபமானவை இல்லை. தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் பேனா நின்றுவிடும். ஒன்பதாவது நாள் பையன் அலுவலகத்துக்கே வந்தான், பேருந்தில். "ஒரு மணி நேரம் என்கூட உக்காந்து சொல்லிக் குடுப்பீங்களா சார்? காசு எவ்வளவானாலும் பரவால்ல," என்றான். வேலை அதிகம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தேன். அவன் சொல்லிக்கொண்டு போகும்போது கதவை ஓசைப்படாமல் சாத்தினான்.

பதினாலாம் நாள், காலை எட்டேகால். மருத்துவமனைக்கு எதிரே உள்ள ரவுண்டானாவில் ஒரு லாரி திடீரென்று நின்றது. அவன் கால் இடம் மாறிவிட்டது. கார் பேருந்து நிறுத்தத்துக்குள் ஏறியது. அவனோடு சேர்த்து மூன்று பேர் இறந்தார்கள். அங்கே நின்றிருந்த இருவரில் ஒருவர் பணி முடிந்து வீட்டுக்குப் புறப்பட்ட செவிலியர். இன்னொருவர் அவரைக் கூட்டிப்போக வந்த கணவர். அவர்களை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை. அதற்காக வருந்துகிறேன். வாக்குமூலத்தில் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஊரே பேசியது. நாற்பதே நாளில் சட்டம் வந்தது, என் மனுவில் இருந்த வாசகங்களோடு. கையெழுத்தாகும் நிகழ்ச்சிக்கு என்னையும் அழைத்துக் கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள். முடிந்ததும் செய்தி வாசிப்பாளர் என்னிடம் வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க ரெண்டு தடவ ஃபெயில் போட்டீங்க. நான்தான் கேக்கல. எம் புள்ளைய நானே கொன்னுட்டேன் சார்."

"உங்க மேல தப்பில்ல, சட்டம்தான் சரியில்ல," என்றேன். என் தோளில் சாய்ந்து அழுதார். அவருக்கு அது ஆறுதலாக இருந்தது என்றே நினைக்கிறேன். பையன் தன் நண்பனுக்கு அனுப்பிய செய்தியை அப்போது அவர் பார்த்திருக்கவில்லை. 'ஃபெயில் போடச் சொன்னேன்டா, நான் ரெடின்னு சொல்லிட்டார்.' அதை நீங்கள் எனக்குக் காட்டியபோது மறுக்கத் தோன்றவில்லை. அவன் பொய் சொல்கிறவன் இல்லை.

ஆம், தெரிந்தேதான் செய்தேன். அந்தச் சட்டத்துக்குப் பிறகு புது ஓட்டுநர்கள் ஓட்டிய கார்களில் இந்த மாதம் ஒரு சாவும் இல்லை. விசாரித்துப் பாருங்கள்.

வேறேதாவது உண்டா என்று கேட்கிறீர்கள். ஒன்று உண்டு. சட்டத்தில் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டார்கள். அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று வியாழக்கிழமை சட்டசபையில் விவாதம். அதை எதிர்ப்பவர் சபையில் முன்வரிசையில் உட்காரும் உறுப்பினர். அவர் பேச்சுக்கு அங்கே மதிப்பு அதிகம். நேற்று அவருடைய மகள் மோட்டார் சைக்கிள் தேர்வுக்கு வந்தாள். பதினெட்டு வயது, கலகலப்பான பெண். முன்பிரேக்கை மட்டும் மொத்தமாக அழுத்துகிறாள்; வேகத்தில் அப்படிச் செய்தால் வண்டி ஆளைத் தூக்கி எறிந்துவிடும். அவள் படிவத்திலும் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பெரிய வண்டி, ஆயிரம் சிசி, இன்று வீட்டுக்கு வருகிறதாம்.

நீங்கள் போனை எடுப்பது தெரிகிறது. எடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். எத்தனை வீட்டுப் பிள்ளைகளின் உயிர் இது. இன்று செவ்வாய்க்கிழமை. உங்களிடம் நான் கேட்பது இரண்டே நாள்தான்.